மனநோயும் குற்றவியல் நீதியும் (இந்தியா)

மனநோய்க்கு ஆளான ஒருவர் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ சிறைக்கோ வந்து சேரும்போது அவரை எப்படி நடத்த வேண்டும் என்பதை இந்தியாவில் மூன்று சட்டங்கள் வரையறுக்கின்றன. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே 29 அன்று அமலுக்கு வந்தது. ஏட்டளவில் இவை நோயாளிக்கு நல்ல பாதுகாப்பையே தருகின்றன. ஆனால் வழக்கு பாதியில் நின்று, ஆளையே எல்லோரும் மறந்துவிடும்போதுதான் பெரும் அநீதி நேர்கிறது. இத்துறையின் முக்கியமான சீர்திருத்தங்கள் பலவும் அப்படி மறக்கப்பட்டவர்களின் வழக்குகளிலிருந்து வந்தவை.

குற்றப் பொறுப்பு

1843இல் லண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். மனநோயைக் காரணம் காட்டி அவர் விடுவிக்கப்பட்டதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் பிரபுக்கள் அவையின் கேள்விகளுக்கு நீதிபதிகள் தந்த பதிலே மக்நாட்டன் விதி எனப்படுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாக இருந்ததும், இன்று நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவாக இருப்பதும் அந்த விதியைத் தழுவியவை. செய்யும் நேரத்தில் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ மனநலக் குறைவால் அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது.

இதை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964இல் தாயாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனாலும், பழைய மருந்துச் சீட்டைக்கூடப் பத்திரப்படுத்தாத ஏழைக் குடும்பத்துக்கு இது எளிதல்ல. நோய் இருந்தது என்றால் மட்டும் போதாது. சம்பவ நேரத்தில் அது அறிவை மறைத்தது என்றும் காட்டியாக வேண்டும். காதில் கேட்கும் குரல் ஏவியபடி நடந்தவருக்குத் தான் செய்வது சட்டவிரோதம் என்று தெரிந்திருக்கலாம், தன்னை அடக்க முடியாமல் இருந்திருக்கலாம். அவரை இந்த அளவுகோல் கைவிட்டுவிடுகிறது. மாற்ற வேண்டிய அளவுகோல் இது. 2023இல் புதிய சட்டம் எழுதப்பட்டபோது அந்த வாய்ப்பு கைநழுவியது.

விசாரணை நின்றுபோகும் கட்டம்

குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பை எடுத்துச் சொல்ல இயலாத நிலையில் இருந்தால் வழக்கை நடத்தக் கூடாது. இதற்கான நடைமுறை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையான பிரிவுகளில் உள்ளது. எடுத்துக்காட்டாக, கூண்டில் நிற்பவர் பெயர் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. நீதிபதி அவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப உத்தரவிட்டு வாய்தா போடுகிறார். சிறையிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழிக்காவல் வேண்டும். அன்று போலீசார் பந்தோபஸ்துப் பணிக்குப் போயிருந்தால் பயணம் தள்ளிப்போகும். அறிக்கை வராததால் மறுபடியும் வாய்தா விழும். தண்டனையே இல்லாமல் ஆண்டுகள் கரைவது இப்படித்தான்.

விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று முடிவானால், ஜாமீன் தரக்கூடிய குற்றமா இல்லையா என்று பாராமல் அவரை விடுவிக்கலாம். ஆனால் புறநோயாளியாகச் சிகிச்சை பெற முடிய வேண்டும், உறவினரோ நண்பரோ பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாதவர் பாதுகாப்புக் காவலுக்குப் போகிறார். மனநோய் காரணமாக நிரபராதி என்று தீர்ப்புப் பெற்றவரும் நேரே வீட்டுக்குப் போக முடிவதில்லை. அவருக்கும் பாதுகாப்புக் காவல் விதிக்கப்படலாம்.

அசாமின் மச்சாங் லாலுங் 1951இல், ஏறத்தாழ 23 வயதில், படுகாயம் விளைவித்ததாகக் கைதாகி தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் தேறிவிட்டதாக மருத்துவமனை சான்று அளித்தது. அதன் பிறகும் வீடு திரும்பாமல் குவாஹாட்டி சிறைக்கு மாற்றப்பட்டார். வழக்கு நடக்கவே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பின், 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். உள்ளே கழிந்தவை 54 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் அவருக்கு 3 லட்சம் ரூபாயும் மாத உதவித்தொகையும் வழங்கச் செய்தது; இப்படி மருத்துவமனையில் வைக்கப்படுவோர் பற்றிக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நீதிமன்றத்துக்கு அறிக்கை வர வேண்டும் என்றும் 2007இல் கட்டளையிட்டது. அவர் அதே ஆண்டில் காலமானார்.

லாலுங்குக்கு முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன. அன்றைய பிகாரின் ஹசாரிபாக் சிறையில் 30 ஆண்டுகளுக்கும் மேல் கிடந்தவர்களை 1982இல் வீணா சேத்தி வழக்கு வெளிக்கொணர்ந்தது. எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளை மேற்கு வங்கச் சிறைகளில் அடைத்து வைத்ததை 1993இல் ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதம் என்றது.

காவல் நிலையம்

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு தெளிவானது. தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவராகத் தெரிந்தால் காணாமல் போனவர் வழக்காகப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. புதிய தண்டனைச் சட்டம் அந்த முயற்சியைப் பொதுவான குற்றமாக வைக்காமல், அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்வதை மட்டும் குற்றமாக நிறுத்திக்கொண்டது.

மனநோயாளிகளைக் கட்டிவைப்பதில் தமிழ்நாட்டுக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தனர். இன்று சங்கிலியிடுவதைச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. மறுபக்கம், 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, தெருவில் விடப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை அளித்துக் குடும்பத்துடன் சேர்க்க முடியும் என்று காட்டியது.

சிறையும் தூக்கு மேடையும்

பெங்களூரு மத்திய சிறையில் 5,000க்கும் மேற்பட்ட கைதிகளிடம் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நாலில் ஒருவருக்கு மேல் மனநலச் சிக்கல் இருந்தது. மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சையகம் இருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு மாநிலத்துக்கு ஒன்று என்பது மிகக் குறைந்த எல்லை. அதையே இலக்காகக் கொள்வது தவறு.

2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில், மனநோயைத் தூக்குத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயும் கருத்தில் கொள்ளத்தக்கது என்று 2019இல் மற்றொரு அமர்வு கூறியது. ‘புராஜெக்ட் 39ஏ’ என்ற ஆய்வு அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வில், மரண தண்டனை பெற்ற 88 பேரில் 62 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது தெரியவந்தது.

சீர்திருத்தத்தின் திசை

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநலம் பாதித்த இளைஞர் ஒருவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே, விருப்பத்துடன் முன்வந்த காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி அளித்து, அவர்கள் அழைத்து வருவோரைத் தாமதமின்றி ஏற்கும் மருத்துவமனையையும் இணைத்த ஏற்பாடு அங்கே உருவானது. பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. பயிற்சி மட்டும் போதாது. ‘படுக்கை இல்லை’ என்று திருப்பி அனுப்பாத மருத்துவமனையும் வேண்டும் என்பதே அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இந்தியாவில் அதற்கு நிகராகத் தேவைப்படுவது, தேறியவரை ஏற்கும் இடைநிலை இல்லங்கள். அவை இல்லாதவரை ‘உறவினர் வரவில்லை’ என்ற காரணத்துக்காக மருத்துவமனை வார்டுகள் சிறைகளாகவே இருக்கும்.

மனநோயாளிகளுக்கும் காவலில் உள்ளோருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைக்கச் சட்டம் வகை செய்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் கைதாகியிருந்தால், சிகிச்சைச் சீட்டுகளின் நகல்களுடன் குடும்பத்தார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அதன் உதவி எண் 15100. மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி-மானஸ் எண் 14416.