முகாமுக்கு வந்த லேப்ராஸ்கோப்

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், தொப்புளருகே துளையிட்டுச் செய்யும் பெண்களுக்கான அறுவை சிகிச்சை நம் சிற்றூர்களுக்கு அண்மையில்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1980களிலேயே அதற்கான கருவியான லேப்ராஸ்கோப் கிராமத்துக் கருத்தடை முகாம்கள்வரை போய்விட்டது. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையால் ஆண்கள் வெகுண்டதும், அரசு பெண்கள் பக்கம் திரும்பியது. பாரிஸில் ரவுல் பால்மரும் இங்கிலாந்தில் பேட்ரிக் ஸ்டெப்டோவும் வளர்த்த முறை, அமெரிக்க உதவிப் பணத்தில் எளிமையாக்கப்பட்டு 'லேப்ரோகேட்டர்' என்ற கருவியாக வளரும் நாடுகளுக்கு வந்தது. கருக்குழாயை மடித்து வளையம் மாட்டினால் போதும், அடுத்தவரை அழைக்கலாம். அந்த ஒரே வேலைக்கென்று வந்ததுதான் பின்னால் நேர்ந்த கேடுகளுக்கு வேர் என்பேன்.

எப்படியோ கருவி வந்ததே, மருத்துவர்கள் பழகினார்களே என்பார்கள். மரப்பு ஊசியோடு முடிந்து அன்றே வீடு திரும்புவது கூலிக்குப் போகும் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வளையம் மாட்டத் தெரிந்த கைக்கு, கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து ரத்தம் பெருகும்போது அதை நிறுத்தத் தெரியாது. அதற்குக் கூடுதல் துளைகள், கேமரா, முழு மயக்கம் தர ஒரு மருத்துவர், உள்ளேயே தையல் போடும் பயிற்சி எல்லாம் வேண்டும். கருத்தடை இலக்கை எண்ணிக்கொண்டிருந்த அரசுத் திட்டம் இவற்றைக் கேட்கவே இல்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே முகாமில், ஒரே நாளில், ஒரே அறுவை மருத்துவர் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். பயன்பட்டது ஒரே லேப்ராஸ்கோப் என்று செய்திகள் வந்தன. ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியைக் குளூட்டரால்டிஹைடு கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்த பிறகே அடுத்தவருக்கு எடுக்க வேண்டும். 83 பேருக்கு, ஊறவைக்க மட்டுமே 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மாவட்டத்து முகாம்களுக்குப் போனவர்களில் 13 பெண்கள் இறந்தார்கள். சாவுக்குக் காரணம் கிருமித்தொற்றல்ல, அறுவைக்குப் பின் கொடுத்த மாத்திரைதான் என்றும் சிலர் வாதிட்டார்கள். மாத்திரையே காரணம் என்றாலும் அந்த 20 நிமிடக் கணக்கு மாறப்போவதில்லை. ஒரு குழு மூன்று கருவிகளோடு நாளுக்கு 30 பேருக்குமேல் செய்யக்கூடாது என்ற விதி அன்றே இருந்தது. முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. லேப்ராஸ்கோப்பே இல்லாமல் சிறு கீறலில் செய்யும் மினிலேப் முறையும் 1970களிலிருந்தே உண்டு. எளிய கருவிகளே அதற்குப் போதும். ஆனால் ஒருவரால் ஒரே நாளில் 83 பேருக்கு அப்படிச் செய்துவிட முடியாது.