ஏலகிரியில் கேரவன் ட்ரிப்... வண்டி சாயாமல் நிற்க எந்த வழி பெஸ்ட்?

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோவுக்காக நிற்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, உள்ளேயே சமைத்துத் தூங்கும் கேம்பர் வேனையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆம்பூரில் பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு, 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலகிரியில் ராத்தங்குவது செம பிளான்தான். ஆனால், மலையில் சமமான தரை கிடைப்பது கஷ்டம்.

என் முதல் ட்ரிப்பில் இதை நான் கண்டுக்கவே இல்லை. தலை பள்ளத்துப் பக்கம் இருந்ததால் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் தோசை ஊற்றினால், மாவு கல்லின் ஓரத்துக்கு ஓடிவிட்டது!

தூக்கம் மட்டும் பிரச்னை இல்லை. வண்டி சாய்ந்திருந்தால் சிங்க்கில் தண்ணீர் தேங்கும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்றால், உள்ளே அமோனியா கரைசல் புவியீர்ப்பில்தான் சுற்றி வரும். சாய்வு அதிகமானால் கூலிங் போய்விடும். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எவ்வளவு சாய்வு?

கொத்தனார் அண்ணன்கள் வைத்திருக்கும் ரசமட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போனில் இருக்கும் லெவல் ஆப் போதும். கேமரா மேடு இடிக்காதபடி, போனை வண்டியின் தரையில் வைத்துப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் அரைவட்டம் திருப்பி வைத்து, இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டினால் ஆப்பை நம்பலாம். குறுக்கே ஒரு முறை, நீளவாக்கில் ஒரு முறை அளக்க வேண்டும்.

இனி சின்னக் கணக்கு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்றால், 1 டிகிரிக்கு 2.6 செ.மீ தூக்க வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3.5 மீட்டர் என்றால், அதே 1 டிகிரிக்கு 6 செ.மீ! அதாவது, பக்கவாட்டுச் சாய்வை சரிசெய்வது சுலபம். நீளவாட்டுச் சாய்வுதான் கஷ்டம். எனவே, லேசான சரிவில் வண்டியைக் குறுக்கே நிறுத்துங்கள். உருண்டு ஓடும் ஆபத்தும் குறையும்.

எந்த வழி யாருக்கு?

இடம் மாற்றுவது: காசில்லாத வழி. நாலடி தள்ளி நிறுத்தினாலே பாதிப் பிரச்னை தீரலாம். 1 டிகிரிக்குள் வந்துவிட்டால், தலையை மேட்டுப் பக்கம் வைத்துத் தூங்குங்கள், போதும்.

ரேம்ப்: ஆப்பு வடிவ பிளாஸ்டிக் கட்டை. வண்டியை மெதுவாக ஏற்றினால் வேலை முடிந்தது. அடிக்கடி போகிறவர்களுக்கு இதுதான் பெஸ்ட். 3 டன் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேலேயே முக்கால் டன்னுக்கு மேல் இறங்கலாம். ரேம்ப் தாங்கும் எடையைப் பார்த்து வாங்குங்கள்.

மரப்பலகை: எப்போதாவது போகிறவர்களுக்கு. டயரைவிட அகலமான பலகைகளைப் படி மாதிரி அடுக்கி, அதன் மேல் ஏற்ற வேண்டும். பின்னால் ஜோடி டயர் என்றால் இரண்டுமே பலகை மேல் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் மொத்த பாரமும் அதன் தலையில்தான்.

ஹைட்ராலிக் ஜாக்: பட்டனைத் தட்டினால் வண்டியே மட்டமாகும். விலையும் எடையும் அதிகம் என்பதால், வாடகை வண்டியில் இருந்தால் லக்கு. மண் தரையில் ஜாக்குக்கு அடியில் பலகை வைக்க மறக்காதீர்கள்.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனா? முதலில் பக்கவாட்டை ரேம்ப்பில் சரிசெய்து, சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகே காரிலிருந்து கழற்ற வேண்டும். அடுத்து முன்சக்கரத்தை ஏற்றி இறக்கி நீளவாட்டைச் சரிசெய்யலாம். நான்கு மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான். வண்டியைத் தூக்குவதற்கு அல்ல.

இதெல்லாம் வேண்டாம்!

செங்கல், உருட்டுக்கல் வைக்காதீர்கள். பாரம் தாங்காமல் உடையும், நழுவும். டயர் மாற்றும் ஜாக்கில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தூங்கவே கூடாது. வண்டி ரேம்ப்பில் ஏறும்போது முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். ஹேண்ட் பிரேக், கியர், பள்ளத்துப் பக்கம் கட்டை... மூன்றும் கட்டாயம்.

கடைசியாக ஒன்று. வேலூர், வாணியம்பாடி பக்கம் ரொம்ப மட்டமான இடம் எது தெரியுமா? வறண்டு கிடக்கும் பாலாற்று மணல்தான். ஆனால், 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியது. ஆற்றிலும் ஏரிக்குள்ளும் வண்டியை நிறுத்தாதீர்கள். மட்டமான ஆற்று மணலைவிட, கொஞ்சம் சரிந்த மேட்டுத் தரையும் இரண்டு பலகையும் எவ்வளவோ மேல்!