புலி இல்லாத புலிவார்டு

பாலக்கரைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் ஒரு சந்தேகம் வரும். மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்கிறார்களே, அங்கே எப்பவாவது புலி இருந்துச்சா? எனக்கும் வந்தது. அப்பாயியிடம் கேட்டேன். "புலியாவது பூனையாவது, அங்க முன்னாடி கோட்டச் செவுரு இருந்துச்சுடா" என்றார். கேட்டதுக்குச் சம்பந்தமே இல்லாத பதில் என்று நினைத்தேன். அதுதான் சரியான பதில் என்று தெரிய இருபது வருஷம் ஆனது.

புலிவார்டு என்பது பூல்வார்டு. பிரெஞ்சுச் சொல். அதன் வேர், கொத்தளத்தைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல். 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி பாரிஸின் மதிலை இடித்து, அதே தடத்தில் மரங்கள் நட்டுச் சாலை போட்டார். மதிலின் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. திருச்சியிலும் அதே கதைதான். 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மேலேயும் கீழேயும் ரோடு வந்தது.

மலை மட்டும் அப்படியே இருக்கிறது. சுமார் 83 மீட்டர் உயரம். அதைக் குடைந்து 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவரை எடுத்தான். மலையைச் சுற்றிய ஊருக்கு மதில், அகழி, தெப்பக்குளம் எல்லாம் மதுரை நாயக்கர் காலத்து வேலை. 17ஆம் நூற்றாண்டில் சொக்கநாத நாயக்கருக்கு இதுவே தலைநகர்.

மதில் எப்படி இருந்தது என்பதை 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றல்ல, இரண்டு சுவர். வெளிச்சுவர் 18 அடி, உள்சுவர் 30 அடி உயரம். நடுவில் 25 அடி இடைவெளி. வெளியே 30 அடி அகலத்துக்கு அகழி. 1751இல் சந்தா சாகிப் முற்றுகையிட்டபோது முகமது அலி இதற்குள்தான் பதுங்கியிருந்தார். 1753 நவம்பரில் ஒரு நடுராத்திரி பிரெஞ்சுக்காரர்கள் ஏணி வைத்து வெளிச்சுவரில் ஏறிவிட்டார்கள். உள்ளே வரமுடியாமல் மாட்டிக்கொண்டார்கள். மதில் ஜெயித்தது.

ஆனால் அதே ஆர்ம் இன்னொன்றும் சொல்கிறார். அந்த வருஷங்களில் தானியம் தீர்ந்து, உள்ளே இருந்த ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். கடைசியில் மதில் காப்பாற்றியது பட்டாளத்தைத்தான். குடிகளைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை. எதிரியைத் தடுத்தது, பசியைத் தடுக்கவில்லை.

இன்றைக்கு மிச்சம், மேற்கே மெயின்கார்டு கேட். பஸ்ஸில் கண்டக்டர் தினம் ஆயிரம் தடவை கூவுகிற பெயர். வாசலுக்குக் கீழே பைக்கும் ஆட்டோவும் நெருக்கியடிக்கின்றன. நிமிர்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதற்காக வருத்தப்படணும்தான். அந்தக் கல் பெயர்ந்து விழுந்தால் நாம் திருப்பிக் கட்டப்போவது கல்லை அல்ல, காங்கிரீட்டை.

ஆனால் மதில் போனதற்கு என்னால் முழுசாக வருத்தப்பட முடியவில்லை. பாலக்கரை எப்பவும் கோட்டைக்கு வெளியேதான். முற்றுகை வந்தால் கதவு எங்கள் முகத்தில்தான் சாத்தப்பட்டிருக்கும்.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்குக் கீழப்புலிவார்டு பக்கம் போய்ப் பாருங்கள். காந்தி மார்க்கெட்டில் லாரிகள் நிற்கும். வெங்காயமும் தக்காளியும் இறங்கிக்கொண்டிருக்கும். 1753இல் உள்ளே வராமல் போனது, மதில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது.