சீனத் துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்

உலகமயமாதல் என்னும் சொல் புதிது; அது குறிக்கும் செய்தியோ மிகப் பழையது. கடல் வாணிகம் பல இனத்தாரை ஒரே நகரில் குடியேற்றுவதும், அவர்களிடையே உறவும் பகையும் ஒருங்கே வளர்வதும் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவனவாம். அதற்குச் சான்று காணத் தென்சீனத்தின் பூஜியன் மாகாணத்திலுள்ள குவான்சௌ என்னும் துறைமுக நகருக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அராபியர் அதனை ஜெய்தூன் என்றனர்.

1087ஆம் ஆண்டில் சோங் அரசு அங்கே கடல் வாணிக அலுவலகம் ஒன்றை நிறுவிற்று. வந்திறங்கும் சரக்கில் ஒரு பங்கு வரியாக அரசுக்குச் சேர்ந்தது. மிளகும் நறுமணக் கட்டைகளும் வந்தன. பட்டும் பீங்கானும் சென்றன. பருவக் காற்று திரும்பும்வரை காத்திருந்த வணிகரிற் பலர் அங்கேயே குடிகொண்டனர். துறைமுக அதிகாரியான சாவ் ரூகுவா 1225இல் எழுதிய நூல், மலையாளக் கரையினரான தந்தையும் மகனும் நகரின் தென்புறத்தில் வாழ்ந்தமையைக் குறிக்கிறது. ஹிஜ்ரி 400ஆம் ஆண்டில் எழுந்ததாகத் தன் கல்வெட்டே கூறும் பள்ளிவாசல் ஒன்று இன்றும் அங்குள்ளது.

நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது ஒரு தமிழ்க் கல்வெட்டு. 1281ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் சம்பந்தப்பெருமாள் என்பார் அந்நகரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. கோயிலின் பெயர் திருக்கதலீச்சரம். சென்ற இடத்தில் முதலிற் கோயில் எழுப்புவது தமிழர் இயல்பு என்பதை மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை! ஆட்சியிலிருந்த மங்கோலியக் கானின் நலத்தை வேண்டியும் அவருடைய பிர்மானின்படியும் இத்திருப்பணி நடந்தது. தமிழ் எழுத்து, பாரசீகச் சொல், மங்கோலிய மன்னர், அடியில் ஒரு சீன வரி. அன்றைய உலகமே அக்கல்லில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் அந்தப் பிர்மானை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். வெளிநாட்டார் அந்நகரில் பெற்ற மதிப்பு பெரும்பாலும் அரசின் வருவாயையும் மன்னரின் தயவையும் பொறுத்ததாகவே இருந்தது. மங்கோலியரின் யுவான் ஆட்சி, மேற்கிலிருந்து வந்தோரைத் தென்சீன மக்களினும் உயர்ந்த வரிசையில் வைத்தது. தம் மண்ணிலேயே தாழ்த்தப்பட்டவர்களின் மனக்குமுறல் யார்மேற் பாயும்? உயர்த்திய மன்னர் தொலைவிலிருந்தார். உயர்த்தப்பட்டவரோ அடுத்த தெருவில் இருந்தார்.

1357இல் அந்நகரின் பாரசீகப் படையினர் கலகம் செய்து ஆட்சியைக் கைப்பற்றினர். 1366இல் அது ஒடுக்கப்பட்டபோது வெளிநாட்டார் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் வழிபாட்டிடங்களும் இடிக்கப்பட்டன. படை திரட்டியவனும் மிளகு விற்றவனும் அவ்வேளையில் ஒன்றாகவே எண்ணப்பட்டனர். பின்வந்த மிங் அரசு 1371இல் தனியார் கடல் வாணிகத்தைத் தடை செய்தது. துறைமுகம் தளர்ந்தது.

சிவன் கோயிற் கற்கள் நகர மதிலிலும் பிற கட்டடங்களிலும் புகுந்தன. கண்ணனும் நரசிங்கமும் செதுக்கப்பட்ட இரு தூண்கள் கையுவான் என்னும் பௌத்தக் கோயிலின் பின்புறத்தை இன்றும் தாங்கி நிற்கின்றன. மதில் இடிக்கப்பட்ட காலத்தில், வூ வென்லியாங் என்னும் உள்ளூர் ஆசிரியர் சிதறிய கற்களைத் தேடிச் சேர்த்து 1957இல் நூலாக வெளியிட்டார். தம் முன்னோரல்லாத மக்களின் நினைவுக்காக அவர் செய்த தொண்டு நம் நன்றிக்குரியது.

மனிதருள்ளும் எஞ்சியோர் உண்டு. சீனக் குடும்பங்களில் மணவுறவு கொண்டு, சீனப் பெயர் பூண்டு, நகரை விட்டு அருகிலுள்ள சென்டாய்க்கு அகன்ற டிங் என்னும் முஸ்லிம் குலத்தார் அங்கேயே தழைத்தனர். தொழுகை காலப்போக்கில் மறைந்தது. எங்கிருந்தோ வந்தவர் என்னும் நினைவு மட்டும் குல வரலாற்றேட்டில் நின்றது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1979இல், சீன அரசு அவர்களை ஹுய் என்னும் முஸ்லிம் மரபினராக ஏற்றது.