ஏற்காட்டுக்கு எவ்வளவு தூரம்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தொலைபேசித் துறை அந்த வளைவுகளை ஒருநாளும் எண்ணியதில்லை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர்கோடு இழுத்து, அதன் நீளத்துக்கு ஏற்ற கட்டணப் படியில் அழைப்பைச் சேர்ப்பதுதான் அதன் கணக்காக இருந்தது. அந்தக் கோடு இங்கே 20 கிலோமீட்டர்கூட வராது. ஆனாலும் தொலைபேசிக் குறியீட்டு எண் சேலத்துக்கு 0427, ஏற்காட்டுக்கு 04281. நாட்டை 2,600க்கும் மேற்பட்ட கட்டணப் பகுதிகளாகப் பிரித்தபோது பெரும்பாலும் ஒரு தாலுகா ஒரு பகுதியானது. ஆத்தூருக்கு 04282, சங்ககிரிக்கு 04283 என்று கிடைத்ததுபோல, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் தனி எண் கிடைத்தது. அடிவாரத்துச் சேலம் மலைக்காரருக்கு வேற்றூரானது மலையின் உயரத்தால் அல்ல, வருவாய்த் துறையின் எல்லைக்கோட்டால். தொலைபேசிக் கட்டண மறுஆய்வு என்று டெல்லியில் நடந்ததெல்லாம் இந்தத் தூரத்தின் செலவு யார் தலையில் விழுவது என்ற வழக்குதான். அந்த வழக்கில் மலைக்கு உண்மையில் பயன்பட்டது கட்டணக் குறைப்பு மட்டுமன்று, வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று கதவைத் திறக்கவேண்டும் என்ற விதியும்தான் என்பது என் வாதம்.

பழைய ஏற்பாட்டில் எஸ்.டி.டி. என்ற தொலைதூர அழைப்பில் பேசுபவர் கொடுத்த மிகைப்பணம் உள்ளூர் அழைப்பையும் மாத வாடகையையும் தாங்கியது. இரவு 11 மணிக்குமேல் கால் கட்டணம் என்பதால் பூத் வாசலில் காத்து நின்றவர்கள்தான், தங்களுக்கே தெரியாமல், கிராமத்து இணைப்புகளுக்குப் படியளந்தவர்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மலிவு வாடகை உதவுவது ஏற்கெனவே தொலைபேசி வைத்திருப்பவருக்கு அல்லவா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, இந்த மலையில் இருவகைக் குடியிருப்புகள் அருகருகே வளர்ந்தன: தோட்ட பங்களாக்களும் உறைவிடப் பள்ளிகளும் ஒருபுறம், மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) சிற்றூர்கள் மறுபுறம். அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் முகடுகளிலும் சரிவுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. கம்பி எட்டாத ஊருக்கு வாடகைச் சலுகையால் என்ன பயன்?

1997-ல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 1999 மார்ச் 9 அன்று வெளியிட்ட கட்டண ஆணையில் இந்த முடிச்சைத் தொட்டது. தொலைதூர அழைப்பைக் குறை, வாடகையையும் உள்ளூர்க் கட்டணத்தையும் செலவுக்கு ஏற்ப ஏற்று என்பது அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பியது, ஏழையின் தொலைபேசிக்கு விலை ஏற்றுவதா என்ற கேள்வி அரசையே தயங்கவைத்தது. டிராயின் கணக்கு சரி, அரசின் தயக்கமும் சரி. மிகைப்பணம் எங்கோ ஓரிடத்திலிருந்து வந்தே ஆகவேண்டும் என்பதால் அது பெயர் மாற்றிக்கொண்டு திரும்பியது. 2002-ல் ஊரகத் தொலைபேசிக்கான பொதுச் சேவைக் கடமை நிதி வந்தது. 2003-ல் மற்ற நிறுவனங்கள் பி.எஸ்.என்.எல்.லுக்குச் செலுத்தும் அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் வந்து, 2008-ல் எடுக்கப்பட்டது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுவதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற கட்டணத்தைக் கொண்டுவந்தபோது அந்த நேர்கோட்டுக்கே பெரிதாக வேலை இல்லாமல் போயிற்று.

கட்டணமில்லா எண் இதே கதையின் சிறு வடிவம். அமெரிக்காவில் ஏ.டி.&டி. 1967-ல் 800 எண்ணைக் கொண்டுவந்தபோது அழைப்பு இலவசமாகிவிடவில்லை. ரசீது அழைப்பவரிடமிருந்து அழைக்கப்படுபவருக்குப் போனது, அவ்வளவே. இங்கே 2004 ஜனவரி 21 அன்று உழவர் அழைப்பு மையம் தொடங்கியது. மிளகுக்கொடி வாடினாலோ காப்பிச் செடியில் தண்டுத் துளைப்பான் விழுந்தாலோ 1551-ஐச் சுழற்றலாம் என்றிருந்தது, செலவு அரசுடையது. ஆனால் அந்நாளில் ஒரு நிறுவனத்தின் கட்டணமில்லா எண், வேறொரு நிறுவனத்தின் செல்பேசியிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. விலை பூச்சியம்தான், வழிதான் இல்லை. டிராய் 2006 நவம்பரில் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள், இத்தகைய எண்களை எல்லா வலையமைப்பினரும் அழைக்கும்படி நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொள்ளக் கட்டளையிட்டன. அன்று எந்த நாளிதழும் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்காது. ஆயினும் 1800-180-1551 என்று மாறிய அந்த எண்ணுக்குப் பொருள் வந்தது இத்தகைய விதியால்தான்.

ஏழைக்கு ஒரு ரூபாயும் பெரிதல்லவா, விலை முக்கியமில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். சொல்லவில்லை. ‘மிஸ்டு கால்’ என்ற நம் நாட்டுப் பழக்கமே விலை எவ்வளவு உறுத்தியது என்பதற்குச் சாட்சி. ஆனால் விலையைப் பூச்சியமாக்கினால் போதும் என்பாருக்கு அமெரிக்கா இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே கட்டணமில்லா எண்ணுக்கு அழைப்பை எடுத்துச்செல்லும் நிறுவனத்துக்கும் பங்கு கிடைத்ததால், பணத்துக்காகவே பொய் அழைப்புகளைப் பெருக்கும் வேலை நடந்தது. 2020 அக்டோபரில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தப் பங்கைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. அழைப்பவர் கண்ணுக்குத் தெரியாத பணம்தான் எளிதில் திருடு போகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: வரம்பின்றிப் பேசும் திட்டங்கள் வந்தபின் இந்தக் கட்டண மறுஆய்வுகளெல்லாம் பழங்கதை, நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்த அழைப்பு முடிப்புக் கட்டணமே 2003-ல் 30 காசாக நிர்ணயிக்கப்பட்டு 2021 ஜனவரியில் பூச்சியமாகிவிட்டது என்பார்கள். கணக்கு மெய்தான். ஆனால் ரீசார்ஜின் நாள் முடிந்தால் வெளி அழைப்பு நின்றுவிடும். கூலி கிடைக்காத மாதத்தில் மலைக்குடியிருப்புக்காரர் எதிர்கொள்வது நிமிடக் கட்டணத்தை அல்ல, 28 நாள் கெடுவை. முன்பு தூரத்துக்கு விலை வைத்தார்கள், இப்போது காலத்துக்கு. தாலுகா எல்லையைப் பார்த்து ஒருவர் போட்ட 04281 இன்னும் அழியவில்லை. ஏற்காட்டு விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது, எதையும் அளக்காமல்.