கடைக்காரர்கள் கேட்டு வாங்கிய மீட்டர்

எந்த ஊராக இருந்தாலும், கடைத்தெருவில் பார்க்கிங் கட்டணம் ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் முதலில் கொதித்தெழுபவர்கள் கடைக்காரர்கள்தான். பாதிப் பேர் ஏற்கெனவே வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்கள். மிச்சமிருப்பவர்களையும் நகராட்சி விரட்டுகிறது என்பது அவர்கள் குறை. நியாயமான குறைதான். ஆனால் காசு கேட்கும் அந்த மீட்டரை உலகத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று தேடிப்போனால், அங்கே நிற்பவர்களும் வியாபாரிகள்தான். கடைக்கு ஆள் வராமல் தவித்த வியாபாரிகள், ஆட்களை வரவழைப்பதற்காகவே கேட்டு வாங்கிய பொருள் அது.

பிறந்த ஊர் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி. 1913இல் ஓக்லஹோமா மாநிலம் முழுவதிலும் சேர்த்து ஏறத்தாழ 3,000 கார்கள் இருந்தன. 1930இல் அது 5,00,000 ஆகிவிட்டது. அவற்றில் பெரும்பங்கு ஓக்லஹோமா சிட்டியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஓடியவை. 1928 கடைசியில் ஊரை ஒட்டியே எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பணம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், கார்கள் வந்தன. தெருக்கள் மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தன.

காலையில் கடை திறக்கும்போதே நடைபாதை ஓரமெல்லாம் கார்கள் நிறைந்திருக்கும். எல்லாம் அதே கடைகளிலும் பக்கத்து அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்களின் கார்கள். சாயங்காலம் வேலை முடியும்வரை அவை அசையாது. துணி வாங்கவோ மருந்து வாங்கவோ வருகிறவர் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பார், இடம் கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நேரக் கட்டுப்பாடு என்று ஒன்று சட்டத்தில் இருக்கத்தான் செய்தது. போலீஸ்காரர் வந்து டயரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்போது கோடு போட்ட வண்டி அங்கேயே நின்றால் அபராதம். கோட்டைத் துடைத்துவிடுவதற்கும், வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்திக்கொள்வதற்கும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் வர்த்தக சபை இதற்கென்று ஒரு போக்குவரத்துக் குழு அமைத்து, அதன் தலைமையைக் கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தது. மகீ சாதாரண ஆள் இல்லை. அதற்கு முன்பு நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்கியில் பத்திரிகை நடத்தியவர். அமெரிக்க உள்துறைச் செயலராக இருந்த ஆல்பர்ட் ஃபால், அரசுக்குச் சொந்தமான எண்ணெய் நிலங்களைக் கைமாற்றிக்கொடுத்து லஞ்சம் வாங்கிய 'டீபாட் டோம்' ஊழலில், ஃபாலின் திடீர்ச் செல்வத்தைப் பற்றி 1923இல் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர். பொது நிலத்தை ஒருவர் தன் சொத்துபோலக் கையாள்வதை எதிர்த்த மனிதருக்கு, தெருவோரத்து இருபது அடியை ஒருவரே நாள் முழுக்க வைத்துக்கொள்வதும் கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அவர் யோசனை எளிமையானது. சாக்பீஸ் வேண்டாம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கடிகாரம் வைத்துவிடலாம். காசு போட்டால் கடிகாரம் ஓடும், நேரம் முடிந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். 1928லேயே ரோஜர் பாப்சன் என்பவர் கார் பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் பார்க்கிங் மீட்டருக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. மகீ 1933இல் ஸ்டில்வாட்டரில் இருந்த ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் பொறியியல் மாணவர்களுக்குப் பரிசுப் போட்டி ஒன்று வைத்தார். மாதிரிகள் வந்தன, ஆனால் எதுவும் தெருவில் வைக்கும்படி இல்லை. அதன் பிறகு அந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஹோல்கர் தூசனிடம் நேரடியாகப் போனார். தூசன் தன் பழைய மாணவர் ஜெரால்ட் ஹேலைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் செய்த முதல் மாதிரிக்கு 'பிளாக் மரியா' என்று பெயர்.

தெருவுக்கு வந்த மீட்டரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நடைபாதை விளிம்பில் ஒரு இரும்புக் கம்பம். அதன் தலையில், கண்ணாடி முகத்தோடு ஒரு பெட்டி. 5 சென்ட் நிக்கல் காசைத் துளைக்குள் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உள்ளே இருக்கும் வில்சுருள் முறுக்கேறும். முள் நகர்ந்து நேரத்தைக் காட்டும். நிமிடம் கழியக் கழியத் திரும்பி வரும். நேரம் தீர்ந்ததும் ஒரு சிறு கொடி வெளியே தெரியும். மின்சாரம் வேண்டாம், சாவி கொடுக்க ஆள் வேண்டாம்: காசு போடுகிறவரே தன் கையால் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிடுகிறார். தெருவின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் போலீஸ்காரருக்குக் கொடி தெரியும். மழையும் வெயிலும் அடிக்கும் தெருவில் வருஷக்கணக்கில் நிற்கும்படி இதைச் செய்து கொடுத்தது டல்சா நகரத்தின் மேக்னிக் கம்பெனி. எண்ணெய்க் கிணறுகளில் வெடி வைப்பதற்கான நேரக் கருவிகள் செய்து பழகிய கைகள் அவர்களுடையவை.

1935 ஜூலை 16ஆம் தேதி முதல் மீட்டர் வேலை செய்யத் தொடங்கியது. இடம், ஃபர்ஸ்ட் தெருவும் ராபின்சன் அவென்யூவும் சந்திக்கும் முனை. 5 சென்ட் போட்டால் ஒரு மணி நேரம். அந்தக் காலத்தில் ஒரு கோக்க கோலா பாட்டில் விலையும் அதே 5 சென்ட்தான். சோதனைக்காகத் தெருவின் ஒரு பக்கம் மட்டும் மீட்டர் வைத்தார்கள். மீட்டர் வந்த பக்கத்தில் வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன, கடைக்கு ஆள் வந்தது. இலவசமான எதிர்ப்பக்கம் முன்போலவே காலையில் நிரம்பி மாலைவரை அடைத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கக் கடைக்காரர்கள் பொறுக்கவில்லை. எங்கள் பக்கமும் மீட்டர் வையுங்கள் என்று சில நாட்களிலேயே கேட்டு வந்தார்கள்.

எதிர்ப்பும் சூடாகவே இருந்தது. ஓடுகிற காருக்கு வரி கட்டுகிறோம், நிற்கிற காருக்கும் கட்டவேண்டுமா என்று கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை, தெரு எல்லோருக்கும் பொது, அதைப் போட்டது மக்கள் பணம். வழக்குகள் நடந்தன. 1937இல் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் பர்மிங்காம் நகரின் மீட்டர்கள் செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது. பல மாநிலங்களில் நீதிமன்றங்கள் மீட்டரை ஏற்றுக்கொண்டன, ஆனால் ஒரு நிபந்தனையோடு: நெரிசலைக் கட்டுப்படுத்துவதற்குத்தான் இந்தக் காசு, நகரசபையின் கஜானாவை நிரப்புவதற்கு இல்லை.

அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் போட்டது சும்மா இல்லை. மகீ தொடங்கிய கம்பெனியின் பெயரே 'டூயல் பார்க்கிங் மீட்டர் கம்பெனி'. வண்டியை நகர்த்துவது, காசு சேர்ப்பது என்று மீட்டர் இரண்டு வேலை செய்யும் என்பதால் வைத்த பெயர். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் நகரசபைகள் காசில்லாமல் திண்டாடின. இரண்டாவது வேலை அவர்களுக்கு இனித்தது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெருக்களில் 1,40,000 மீட்டர்கள் நின்றன. பார்க்கிங் கட்டணத்தைப் பற்றி இன்றுவரை நடக்கும் சண்டை எல்லாமே அந்த இரண்டு வேலைகளில் எது முதல் என்ற சண்டைதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர்மையக் கடைகளுக்கு வேறொரு எதிரி வந்தது. 1956இல் மின்னசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சவுத்டேல் மால் திறந்தது. விக்டர் குரூயன் வடிவமைத்தது; கூரை போட்ட நவீன மால்களுக்கெல்லாம் மூத்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கார்கள் நிற்க இடம், எல்லாம் இலவசம். உண்மையில் இலவசம் இல்லை, அந்த நிலத்தின் விலை கடை வாடகையிலும், அதன் வழியாகச் சட்டையின் விலையிலும் ஏறியிருந்தது. ஆனால் வாங்க வந்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. கடைத்தெருவின் மீட்டர் தெரிந்தது. மீட்டர் கடல் கடந்தும் போனது: இரண்டே வருஷத்தில், 1958 ஜூலை 10 அன்று, லண்டன் மேஃபேரில் பிரிட்டனின் முதல் மீட்டர்கள் வேலைக்கு வந்தன. ஒரு மணி நேரத்துக்கு 6 பென்ஸ். பிரிட்டிஷ் சிற்றூர்க் கடைத்தெருக்கள் பிறகு அதே போட்டியைச் சந்தித்தன: ஊருக்குள் காசு, ஊருக்கு வெளியே சூப்பர் மார்க்கெட் வாசலில் இலவசம். 2011 கடைசியில் பிரிட்டிஷ் அரசுக்காக மேரி போர்ட்டாஸ் கொடுத்த அறிக்கை, ஊர்மையங்களில் கட்டுப்பாட்டோடு கூடிய இலவசப் பார்க்கிங் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

கட்டணம் ஏறினால் எல்லோருக்கும் ஒரே அடி விழுவதில்லை. நாள் முழுவதும் ஊர் சுற்ற வந்தவருக்கு, சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டால் பார்க்கிங் காசு பெரிதில்லை. ஒரு ரொட்டி வாங்கவும், செருப்பைத் தைக்கக் கொடுக்கவும் பத்து நிமிடம் நிற்பவருக்கு, குறைந்தபட்சமே ஒரு மணி நேரக் கட்டணம் என்றால் வாங்கின பொருளின் விலைக்குப் பாதி வந்துவிடும். அவர்தான் முதலில் காணாமல் போவார், அவரோடு போவது சின்னக் கடைகளின் வியாபாரம். இன்னொரு வகையினர், காசு முடியப்போகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுபவர்கள். காபி வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். செல்போன் செயலியில் மட்டும்தான் கட்டலாம் என்று வைத்தால், வயதானவர்கள் கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்பதற்காக ஒரே வீச்சில் ஏற்றுவது அநியாயம்.

அந்த அநியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிகாகோ சாட்சி. 2008 டிசம்பரில் அந்த நகரம் தன்னுடைய சுமார் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டது. கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைத்து விற்றுவிட்டார்கள் என்று நகரத்தின் தலைமைக் கண்காணிப்பு அதிகாரி மறு ஆண்டே அறிக்கை கொடுத்தார். மணிக்கு 25 சென்ட் இருந்த அக்கம்பக்கத் தெருக்களில் ஒரேயடியாக 1 டாலர் ஆனது. நகர மையத்தில் 3 டாலர் படிப்படியாக 2013இல் ஆறரை டாலர் ஆனது. திருவிழாவுக்காகத் தெருவை மூடினால்கூட, அந்த இடங்களின் வருமானத்தை நகரம் கம்பெனிக்கு ஈடுகட்ட வேண்டும். மகீயின் குழு கடைகளுக்காகக் கேட்ட கடிகாரம், அங்கே கடைகளுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லாத ஒரு கல்லாப்பெட்டியாகிவிட்டது.

சட்டம் சில இடங்களில் பழைய நிபந்தனையை மறக்கவில்லை. லண்டனின் பார்னெட் நகரமன்றம் 2011இல் குடியிருப்பாளர் பார்க்கிங் அனுமதியை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் ஏற்றியது. வேறு செலவுகளுக்குப் பணம் திரட்டவே ஏற்றினார்கள், அது சட்டவிரோதம் என்று 2013இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைக்காரர்கள் பக்கம் நின்று பேசும்போதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கடைக்காரர்களிடம், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று ஓர் ஆய்வில் கேட்டார்கள். 41 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த விடை 22 சதவீதம். தாங்கள் காரில் வருவதாலும், இடம் கிடைக்கவில்லை என்ற புலம்பல் மட்டுமே காதில் விழுவதாலும் இப்படித் தோன்றியிருக்கலாம். நடந்தும் பஸ்ஸிலும் வருகிறவர் யாரிடமும் புலம்புவதில்லை. ஆகவே, இலவசமாக்கு என்று கேட்பதற்குமுன் இன்னொரு ஆபத்தையும் எண்ண வேண்டும்: இலவசமாக்கினால் அந்த இடத்தைக் காலையிலேயே பிடித்துக்கொள்ளப் போவது யார் என்று.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பார்க்கிங்கைப் பற்றியே ஆயுளெல்லாம் ஆராய்ந்த டொனால்ட் ஷூப், 2005இல் வந்த தன் பெரிய நூலில் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார். ஒவ்வொரு தெருத் துண்டிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி விலை வை. அதற்குமேல் ஒரு காசும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ 2011இல் இதைச் சோதித்தது. நிரம்பி வழிந்த தெருவில் விலையைக் கொஞ்சம் ஏற்றினார்கள், காலியாகக் கிடந்த தெருவில் இறக்கினார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் மீட்டர்களின் சராசரிக் கட்டணம் 4 சதவீதம் குறைந்திருந்தது.

பாசடீனாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய அந்த ஊரின் பழைய கடைத்தெரு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாழடைந்து கிடந்தது. 1990களின் தொடக்கத்தில் நகரசபை மீட்டர் வைக்கலாம் என்றது; கடைக்காரர்கள் மறுத்தார்கள். இருக்கிற கூட்டமும் மாலுக்குப் போய்விடும் என்றார்கள். ஆனால் அவர்கள் கடை முன்பு நின்றதும் பெரும்பாலும் அவர்களுடைய ஊழியர்களின் கார்கள்தான். இரண்டு வருஷம் பேச்சு நடந்தது. மீட்டரில் விழும் காசு இந்தத் தெருவை விட்டு வெளியே போகாது என்று நகரசபை வாக்குக் கொடுத்த பிறகே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1993இல் மணிக்கு 1 டாலர் என்று மீட்டர்கள் வந்தன. வரப்போகும் வருமானத்தை நம்பி நகரம் 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, உடைந்த நடைபாதைகளைப் புதிதாகப் போட்டது. மரம் நட்டது, விளக்கு வைத்தது, பின்பக்கச் சந்துகளைச் சுத்தம் செய்து நடக்கும் வழியாக்கியது. பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஆலோசனை சொல்லும் குழுவில் அந்தத் தெருவின் கடைக்காரர்களும் கட்டட உரிமையாளர்களும் உட்கார்ந்தார்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மீட்டர் ஓடட்டும் என்றுகூட அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள், காரணம் அந்தக் காசு தங்கள் கடை வாசலுக்கே திரும்பி வரும் என்று தெரிந்திருந்தது. தெருவின் விற்பனை வரி வருமானம் சில ஆண்டுகளிலேயே பல மடங்கானது.