வரப்பைக் காத்த ஊர்



வரப்பை வெட்டி, பக்கத்து நிலத்தில் ஒரு சால் கூடுதலாக ஓட்டுகிற ஆள் எந்த நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு கிராமம். இந்தத் தகராறை அந்த ஊர்க் குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள். அது எப்படி என்று பார்ப்போம்.

அந்தக் காலத்தில் ஊர் நிலம் மூன்று பெரிய வயல்களாக இருந்தது. நடுவில் வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளமான பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடியானவருக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை. அதனால் நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் கலந்தே கிடைக்கும். 1635-ல் மார்க் பியர்ஸ் என்பவர் அளந்து வரைந்த படத்தில் இந்தப் பட்டைகள் உள்ளன.

ஒரு வயலில் குளிர் தொடங்குமுன் கோதுமை விதைப்பார்கள். அடுத்ததில் குளிர் போனபின் பார்லி, பட்டாணி. மூன்றாவது தரிசு. மறு வருஷம் முறை மாறும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் தடியால் கதிரடிப்பு. கோடையில் புல் அறுத்துக் காயவைப்பார்கள். ஆகஸ்டில் அறுவடை என்றால் ஊரே வயலில் நிற்கும். ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் சிந்திய கதிரைப் பொறுக்குவார்கள். பிறகு ஊர் மாடும் ஆடும் தாளில் மேயும். நிலத்துக்கு எருவும் ஆச்சு.

வேலி இல்லாத வயலில் ஒருவர் இஷ்டத்துக்கு நடந்தால் அத்தனை பேருக்கும் நஷ்டம். அதனால் வருஷாவருஷம், குளிர் தொடங்கும்போது, குடியானவர்களிலேயே தேர்ந்தெடுத்த நடுவர்கள் கோதுமை வயலைச் சுற்றி நடப்பார்கள். எல்லையில் முளை அடிப்பார்கள். பொதுப் பாதையையோ புல்தரையையோ யாராவது உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் போடும்.

மற்ற ஊர்களில் இந்த முறை ஏன் அழிந்தது? 1604 முதல் 1914 வரை பார்லிமெண்ட் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் கொண்டுவந்தது. பெரிய நிலக்காரருக்கு ஒரே கண்டமாக நிலம் சேர்ந்தது. விளைச்சலுக்கும் அது வசதிதான். ஆனால் பத்திரம் இல்லாமல் பொதுத் தரையில் ஒரு மாடு மேய்த்துவந்த ஏழைக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மாடு போச்சு, பால் போச்சு; கூலி ஒன்றே மிச்சம்.

லாக்ஸ்டன் தப்பியது. 1952-ல் அதைக் காப்பாற்ற விவசாய அமைச்சகமே வாங்கியது. 1981-ல் அரச நிலங்களை நிர்வகிக்கும் அமைப்புக்கும், 2020-ல் தோர்ஸ்பி பண்ணைக்கும் கைமாறியது. நிலத்துக்குச் சொந்தக்காரர் மாறினாலும், முளையைக் கையில் எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றி வருகிறவர்கள் இன்றைக்கும் அந்த ஊர்க் குடியானவர்கள்தான்.